மாசி மகத்துக்கு வந்த மாமா

1998 செப்டம்பரில் மலேசியாவில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. மாதம் பிறந்ததும் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டிப் போட்டார்கள். அதே வாரம் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் முடிகிற நேரத்தில் தெருவெல்லாம் அன்வார் ஆதரவாளர்களின் ரிஃபோர்மாசிக் கூட்டம். லுபோக் சீனாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில், மாலை நேரம் லயத்து வாசலில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிரதமர் மகாதீர் என்ன சொன்னார், அன்வாரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இருட்டும்வரை பேசுவார்கள்.

அதே மாதத்தில்தான் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆண்கள் காய்ச்சல் கண்டு விழத் தொடங்கியிருந்தார்கள். அது உள்பக்கத்துச் செய்தி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றும், கொசுவால் வருவது என்றும் போட்டிருந்தார்கள். எங்கள் வாசலில் அதை யாரும் உரக்கப் படிக்கவில்லை. ஈப்போ பேராக்கில் இருந்தது. நாங்கள் மலாக்காவில் இருந்தோம். ஆனால் என் அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, அப்போது நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலண்டோக்கில் ஒரு பன்றிப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

அவர் பண்ணைக்குப் போன கதை எங்கள் தோட்டத்தின் கதைதான். பன்னிரண்டு வயதில் பாட்டியோடு பால்மரம் வெட்டப் போனவர். விடியும் முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவது, வெயில் ஏறுவதற்குள் பால் எடுத்து வாளியோடு ஸ்டோருக்கு வருவது என்று இருபது வருஷத்துக்கு மேல் அதுவே அவர் வாழ்க்கை. பிறகு பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். குலை வெட்ட குத்தகைக்காரர் வெளிநாட்டு ஆட்களைக் கொண்டு வந்து இறக்கினார். லயத்தில் வீட்டுக்கு வீடு பூட்டு விழுந்தது. படித்தவர்கள் மலாக்காவுக்கும் சிரம்பானுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். படிக்காத, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த, பால் வெட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆண்களுக்குப் போக இடமில்லை.

மாமாவுக்கு மாடு பழக்கம். லயத்துக்குப் பின்னால் நான்கைந்து மாடு வைத்திருந்தார். கன்று குறுக்கே கிடந்தாலும் கை விட்டுத் திருப்பி எடுத்துவிடுவார். அதைக் கேள்விப்பட்ட ஒரு தவுக்கே, சீனப் பண்ணை முதலாளி, பன்றி குட்டி போடுவதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தங்க அறை உண்டு, மாதச் சம்பளம் கையில் என்று கூப்பிட்டார். வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. பாட்டி மட்டும், “மாட்டுக்குப் பாத்த கை, பன்னிக்குப் பாத்தா என்னா? உசுருதானே?” என்றார். அதோடு முடிந்தது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை சனிக்கிழமை மாலை அவருடைய கப்சாய் மோட்டார் லிங்கி ஆற்றுப் பாலம் தாண்டி வரும். நேராக வீட்டுக்குள் வரமாட்டார். கிணற்றடிக்குப் போய் லைஃப்பாய் சவர்க்காரம் தேய்த்துக் குளித்து, அத்தை வைத்திருக்கும் வேட்டியைக் கட்டிக்கொண்டு, திருநீறு பூசிய பிறகுதான் பிள்ளைகளைத் தூக்குவார். அப்படியும் அந்த வாடை முழுதும் போகாது. புளித்த தீவனம், சாணம், மருந்து எல்லாம் கலந்த ஒரு வாடை அவர் முடிக்குள் இருக்கும். கடைசிப் பையன் அதை முகர்ந்துகொண்டே அவர் தோளில் தூங்குவான். இன்று அந்தப் பையன் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அப்பாவின் முகம் தனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை, வாடைதான் ஞாபகம் இருக்கிறது என்று சொல்வான்.

ஒரு பள்ளி விடுமுறையில் அத்தையோடு நானும் அங்கே போயிருந்தேன். போர்ட்டிக்சனைத் தாண்டி, லுக்குட்டைத் தாண்டி, செம்மண் பாதையில் ஏறினால் மேட்டுக்கு மேடு பண்ணை. துத்தநாகக் கூரைகள், கழிவு ஓடும் கால்வாய்கள், கூரைக்கு மேலே கிளை விரித்த பழமரங்கள். சீனக் குடும்பங்கள் முன்வீட்டில் இருந்தார்கள், தமிழ் ஆட்கள் பின்கட்டு அறைகளில் இருந்தார்கள். தவுக்கேயின் மனைவி எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, அத்தையிடம் மலாயில், “உன் வீட்டுக்காரர் நல்லவர், குடிப்பதில்லை” என்றார். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாமா ஒரு தாய்ப் பன்றியின் வயிற்றைத் தடவிக் கொடுத்தபடி எங்களைப் பார்த்து நின்றார். ரப்பர் பூட்ஸ், வெற்று மார்பு, கையில் உறை இல்லை. யாருடைய கையிலும் உறை இல்லை. ஊசி போடுவார்கள், சளியைத் துடைப்பார்கள், செத்த குட்டியைக் காலைப் பிடித்துத் தூக்கி வெளியே வைப்பார்கள்.

பன்றிகள் இருமத் தொடங்கியது எப்போது என்று மாமா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு முன்னால். புலி வருஷம் முடிந்து முயல் வருஷம் பிறக்கப் போகிற நேரம், பிப்ரவரி 16-ஆம் தேதி புத்தாண்டு. விற்பனைக்குப் பன்றிகள் தயாராகும் சமயம். “இருமுற சத்தம் அடுத்த பண்ணை வரைக்கும் கேக்குது. நாய் கொலைக்கிற மாதிரி இருமுது” என்றார். சில பன்றிகள் வாயால் மூச்சு வாங்கின, சிலவற்றின் பின்னங்கால் இழுத்தது, குட்டி ஈனும் பன்றிகள் சில தலையைக் கம்பியில் மோதிக்கொண்டு செத்தன. பேராக்கில் நோய் கண்டதும் அங்கிருந்து பன்றிகள் மலிவு விலைக்குத் தெற்கே லோரி லோரியாக இறங்கியதைப் பிற்பாடு எல்லாரும் எழுதினார்கள். நோயும் அந்த லோரிகளில்தான் வந்தது. வருஷக் கடைசியில் சிரம்பானை ஒட்டிய சிகாமாட், பிறகு புக்கிட் பெலண்டோக், சுங்கை நிப்பா.

கொசு என்றுதான் அப்போதும் சொன்னார்கள். புகை அடித்தார்கள், மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மாமாவும் போட்டுக்கொண்டார். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே வீட்டுக்கு வந்து, “இனி பயமில்ல” என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். ஆனால் பண்ணைகளில் வேலை செய்த மனிதர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். கொசு என்றால் வீட்டில் படுத்திருக்கும் குழந்தைகளுக்கும் வர வேண்டும். இது பன்றியைத் தொட்டுப் புழங்கிய வயது வந்த ஆண்களைத்தான் தேடி வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பின்கட்டு அறைகளில் இதைப் பேசிக்கொண்டார்கள் என்று மாமா சொன்னார். பின்கட்டில் பேசுவது முன்வீட்டுக்கே கேட்காது, அதற்கு மேல் எங்கே கேட்கும்?

அந்த ஆண்டு மாசி மகம் மார்ச் மாதப் பிறப்பில் வந்தது. மலாக்காத் தமிழர்களுக்கு மாசி மகம் என்றால் சன்னாசிமலை. செங் ஊரில் இருக்கும் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குத் தோட்டம் தோட்டமாக லோரி பிடித்து வருவோம். பால்குடம், காவடி, இரவில் தேர், பந்தல்களில் மோர். எங்கள் அத்தைக்கு வேண்டுதல் இருந்தது. பால்குடம் எடுப்பவளோடு புருஷன் நடக்க வேண்டும் என்று மாமாவை வரச் சொல்லியிருந்தார்.

மாமா வந்தார். கிணற்றடியில் குளித்தார். திண்ணையில் வந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாங்க?”

“தல வலிக்குது. வெயில்ல வந்தேன்ல.”

பாட்டி தைலம் தேய்த்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு பாட்டியின் கைக்குத் தலையைக் கொடுத்தபடி அவர் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைத்தான் நான் விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். மீசையில் இரண்டு நரை, இடது புருவத்தின் மேல் பால்வெட்டுக் கத்தி கீறிய பழைய தழும்பு, காதோரம் துடைக்காத தண்ணீர். நாற்பது வயது ஆள், அம்மா கையில் குழந்தையாய் இருந்தார்.

மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் வாந்தி. பனடோல் கொடுத்தோம், கிளினிக்கில் ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை, பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் தூங்கிப்போனார், எழுப்பினால் என்னை என் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், விடியற்காலையில் கழுத்தும் தோளும் விட்டு விட்டுத் துடிக்க ஆரம்பித்தன, பக்கத்து வீட்டுக் காடியில் பின் இருக்கையில் படுக்கவைத்து அத்தை மடியில் தலை, அம்மா மடியில் கால், ஓர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி, யாரோ பன்றிப் பண்ணையா என்று கேட்டார்கள், ஆமாம் என்றோம், கேட்டவர் ஓர் அடி பின்னால் போனார், பிறகு மூச்சுக்குக் குழாய், கதவு சாத்தியாயிற்று.

அந்த வார்டுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. சீனர்கள்தான் அதிகம், அடுத்து நம்மவர்கள். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கிழவி. அவருடைய கணவர் போன வாரம் போய்விட்டார், உள்ளே கிடப்பது மகன். அத்தையும் அவரும் உடைந்த மலாயில் பேசிக்கொண்டார்கள். கிழவி ஒரு பொட்டலம் மீஹூன் வாங்கி வந்து பாதியை அத்தையின் மடியில் வைத்து, “மாக்கான், மாக்கான்”, சாப்பிடு சாப்பிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை அன்றுவரை வெளிக்கடையில் சீனச் சாப்பாடு தொடாதவர். அன்று சாப்பிட்டார். தாதியர்களும் பயந்துதான் இருந்தார்கள். முகமூடிக்கு மேலே கண்களில் அது தெரியும். ஆனாலும் ஒரு மலாய்க்காரத் தாதி தினமும் வெளியே வந்து, “இன்று அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன், கக்கா, சவரமும் செய்துவிட்டேன்” என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போவார். சாக்கிடப்பவனுக்குச் சவரம் செய்துவிட்ட அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பங்குனி பிறந்த சில நாளில் மாமா இறந்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள். லயத்திலும் சிலர் அதையே சொன்னார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சுடுகாட்டுக்கு நேராகப் போனோம். பெட்டியைத் திறக்கவில்லை. கடைசிப் பையனை யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள், அவன் பெட்டியைப் பார்க்காமல் தூரத்தில் நின்ற மாமாவின் கப்சாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே நாட்களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்ற இளம் கிருமியியல் ஆய்வாளர், இறந்தவர்களின் முதுகுத்தண்டு நீரிலிருந்து இதுவரை யாரும் பார்க்காத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்திருந்தார். அதைத் தானே எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள ஆய்வகத்தில் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் 1994-இல் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் இனம் என்று மார்ச் நடுவில் தெரிந்தது. சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் உடலிலிருந்து கிடைத்ததால் நிப்பா என்றே பெயரிட்டார்கள். கொசு அல்ல. பன்றியின் சளி, மூத்திரம், மூச்சு. அது தெரிந்த பிறகுதான் பண்ணைப் பக்கம் உறை, முகமூடி எல்லாம் வந்தன. சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளை அறுத்த 11 தொழிலாளர்களுக்கும் அதே மாதத்தில் நோய் கண்டது, ஒருவர் இறந்தார்.

பிறகு ராணுவம் வந்தது. பண்ணை அறையில் இருந்த மாமாவின் துணிப்பெட்டியை எடுத்து வர அத்தையும் அம்மாவும் நானும் போனபோது பாதையை மறித்திருந்தார்கள். வெள்ளை உடுப்பு, முகத்தை மூடிய கண்ணாடி. எதிரே சீனக் குடும்பங்கள் மெத்தை, டிவி, சாமிப்படம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு இறங்கின. ஒரு கிழவர் சட்டைப்பையில் வீட்டுச் சாவியை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மேட்டிலிருந்து துப்பாக்கிச் சத்தம். ஒன்று, இரண்டு என்று தொடங்கி இடைவிடாமல். அதற்கடியில் பன்றிகள் கத்துவது. அதை எழுத எனக்கு வராது. அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “பேரு வெச்சுக் கூப்புடுவாரே” என்றார். மாமா தாய்ப் பன்றிகளுக்குப் பெயர் வைத்திருந்தார். தமிழ் நடிகைகளின் பெயர்கள்.

பெட்டி கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை 896 பண்ணைகளில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று குழியில் தள்ளினார்கள். ஏப்ரல் 14-ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு. அன்றுதான் அன்வாருக்கு ஆறு ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. வானொலி நாள் முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் புத்தாண்டு இல்லை, வானொலியும் இல்லை. மே மாதத்துக்குள் நோய் அடங்கியது. நாடு முழுதும் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்ததாகக் கணக்கு. அந்த 105-இல் ஒன்று எங்கள் சின்ன மாமா.

நட்ட ஈடு பற்றிப் பேசியதெல்லாம் பன்றிகளின் கணக்கில்தான் எங்கள் காதில் விழுந்தது. மாமாவுக்கு இ.பி.எஃப். சேமநிதி கட்டப்பட்டிருக்கவில்லை, சொக்சோ காப்புறுதியிலும் பெயர் இல்லை. தவுக்கேயின் மேல் பழி சொல்ல அத்தை ஒருநாளும் விடமாட்டார். அவர் வீட்டிலும் சாவு விழுந்திருந்தது, நிலமும் தொழிலும் போயிருந்தன. அவர் ஒரு தடவை வந்து, வாசலிலேயே நின்று, உறையில் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டுத் தலை குனிந்து போனார். அத்தை தொழிற்சாலைக்குப் போய் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். பள்ளியில் ஒரு பிள்ளை கேலி செய்துவிட்டான் என்று பெரியவள் அழுதுகொண்டு வந்த நாளில் அத்தை சொன்னது இதுதான்: “ஒங்க அப்பா பன்னி மேய்ச்சாருன்னு சொன்னா, ஆமான்னு சொல்லு. மேய்ச்சுத்தான் எங்கள படிக்க வெச்சாருன்னு சொல்லு.”

அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் படிக்க எனக்குப் பல வருஷம் ஆனது. பழந்தின்னி வௌவால்கள். மலாய்க்காரர்கள் கெலுவாங் என்பார்கள். தியோமான் தீவில் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்து வௌவாலின் மூத்திரத்தைப் பிடித்து, அது கடித்துப் போட்ட பழத்தையும் எடுத்து, இரண்டிலும் நிப்பா வைரஸ் இருப்பதைச் சுவாவின் குழுவே கண்டுபிடித்தது. 1997-இல் சுமத்ரா, போர்னியோக் காடுகள் எரிந்து, நம் நாட்டில் வானமே தெரியாமல் புகை மூடியதே, அந்த வறட்சியிலும் புகையிலும் காட்டில் பழம் இல்லாமல் வௌவால்கள் தோட்டம் தேடி வந்தன என்று ஒரு கருத்து உண்டு. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்களை நட்டதும், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் பன்றிகளை அடைத்ததும்தான் பெருங்காரணம் என்பது பிந்திய ஆய்வு. வௌவால் தின்று போட்ட பழம் கொட்டகைக்குள் விழும், பன்றி தின்னும். அத்தையோடு போனபோது நான் பார்த்தேனே, கூரைக்கு மேலே கிளை விரித்த அந்தப் பழமரங்கள். நிழலுக்கு நல்லது என்று அன்று அவற்றின் கீழேதான் நின்றோம்.

வௌவாலை நான் வெறுக்கவில்லை. லயத்தில் இருந்த காலத்தில் ரம்புத்தான் பழுக்கும்போது இரவில் அவை லிங்கி முகத்துவாரப் பக்கத்திலிருந்து வரும். இழுப்புக்கு நல்லது என்று சிலர் சுட்டுத் தின்றதும் உண்டு. அப்போதெல்லாம் நம்மை அவை ஒன்றும் செய்யவில்லை. டுரியான் பூ காய்க்க வேண்டுமென்றால் இரவில் வௌவால் வந்தாக வேண்டும். காட்டு மரங்களின் விதையைத் தூரம் தூரமாகக் கொண்டுபோய்ப் போடுவதும் அவைதான்.

தோட்டத்து ஆள் விலங்கிலிருந்து வந்த நோயில் சாவது எங்கள் பாட்டிக்குப் புதிய கதை அல்ல. செம்பனை நாட்டுக்குப் புதிதாக வந்த காலத்தில், புல் வெட்டப் போன ஆட்கள் காய்ச்சலில் விழுந்து பிதற்றிச் செத்ததைத் தன் அம்மா சொல்லக் கேட்டிருந்தார். அக்குளிலோ இடுப்பிலோ சுருட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் புண் இருக்குமாம். அது ஸ்க்ரப் டைஃபஸ். காட்டெலிகளின் மேல் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் பாக்டீரியா நோய். காட்டை வெட்டிவிட்டு அரைகுறையாகப் புதர் மண்டவிட்ட இடத்தில் எலி பெருகும், பூச்சி பெருகும், குனிந்து புல் வெட்டுகிறவன் மேல் ஏறும். 1920-களிலேயே மலாயாவில் மருத்துவர்கள் இதைச் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். குளோராம்பெனிகால் மருந்து இந்த நோயைக் குணப்படுத்தும் என்று 1948-இல் கண்டறிந்ததும் கோலாலம்பூரில்தான். அந்த மருந்து வருவதற்கு முன் தோட்டங்களில் இறந்த தமிழர்களின் பெயரை எந்த ஏட்டிலும் நான் பார்த்ததில்லை. எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் இன்றும் தோட்டங்களை விட்டுப் போகவில்லை. அதுவும் பாக்டீரியாதான்.

நோய் காட்டிலிருந்து நம் பக்கம் மட்டும் நடப்பதில்லை, நம் பக்கமிருந்து காட்டுக்கும் போகும். 2021 பிப்ரவரியில் ஒடிசாவில் கார்லாபாட் வனவிலங்குச் சரணாலயத்தில் இரண்டு வாரத்துக்குள் ஆறு யானைகள் செத்தன. நம் மாட்டுக்காரர்கள் தொண்டை அடைப்பான் என்று சொல்கிற நோய், பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா. மாட்டையும் எருமையையும் கொல்வது. காட்டுக்குள் மேயப் போகும் மாடும் யானையும் ஒரே தண்ணீரில் வாய் வைத்தால் அது தாண்டிவிடும். காப்புக் காடு என்று பலகை நட்டால் கிருமிக்கு அது எல்லை ஆகாது. அந்தச் செய்தியில் செத்துக் கிடந்த யானையின் படத்தைப் பார்த்தபோது எனக்கு மாமாவின் மாடுகள் ஞாபகம் வந்தன. தொண்டை வீங்கிய மாட்டை அவர் உடனே மற்ற மாடுகளிடமிருந்து பிரித்துத் தனியாகக் கட்டிவிடுவார், அது குடித்த தொட்டியைக் கவிழ்த்துவிடுவார். மாட்டுக்கு அவருக்குத் தெரிந்த அந்த ஜாக்கிரதையை, அவருக்காகச் செய்ய யாரும் இல்லை.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிப்பா என்று செய்தி வந்த அன்று அத்தை எனக்கு ஃபோன் செய்தார். “அதே பேருதானே சொல்றாங்க?” என்றார். கேரளத்தில் அந்த முறை 17 பேர் இறந்தார்கள். பேராம்பிராவில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட லினி என்ற தாதியும் இறந்தார், இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். அத்தை டிவியில் அந்தக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு அன்று சோறு சாப்பிடவில்லை. மாமாவுக்குச் சவரம் செய்துவிட்ட தாதியைத்தான் அன்று முழுதும் பேசிக்கொண்டிருந்தார்.

பிழைத்தவர்களின் கதையும் எளிதல்ல. எங்கள் லயத்து ஆள் ஒருவர், மாமாவோடு அதே பண்ணையில் இருந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வெளியே வந்தார். தேங்காய் உடைத்தோம். சில வருஷம் கழித்து ஒருநாள் கையில் இருந்த தேநீர்க் குவளையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். பிறகு வலிப்பு. நிப்பா மூளைக்குள் தங்கியிருந்து மாதங்கள் கழித்தும், பல ஆண்டுகள் கழித்தும் திரும்ப எழுவதுண்டு. மருத்துவர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1999-லேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததில்லை.

இப்போது சுங்கை நிப்பாவில் அந்த நாட்களுக்காக ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர் மக்களின் முயற்சி, நல்ல முயற்சி. போய்ப் பார்த்தேன். புகைப்படங்களில் நான் அன்று பாதையில் பார்த்த முகங்களைப் போன்ற முகங்கள். அது அவர்கள் ஊர், அவர்கள் இழப்பு, அவர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பின்கட்டு அறைகளில் இருந்த நம்மவர்களை நாம்தான் சேர்த்து வைத்திருக்க வேண்டும். நம்முடைய கோயில் மலர்களில், பள்ளி ஆண்டு மலர்களில், தோட்ட வரலாறு என்று அச்சிடும் புத்தகங்களில் தலைவர்கள் வந்து போன தேதியெல்லாம் இருக்கிறது. பன்றிப் பண்ணையில் நம் பிள்ளை வேலை செய்தான் என்று எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று நாமே விட்டுவிட்டோம். இது தப்பு. கூலிக்குப் போன இடத்தில், தனக்கு யாரும் சொல்லித் தராத ஒரு நோயில், முன்வரிசையில் நின்று செத்த மனிதர்கள் அவர்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களை நான் கேட்பது ஒன்றுதான். 1998, 1999-இல் ஈப்போவிலோ சிகாமாட்டிலோ புக்கிட் பெலண்டோக்கிலோ பண்ணை வேலைக்குப் போன ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயரையும், பிறந்த தோட்டத்தையும், எந்தப் பண்ணை என்பதையும், இறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிழைத்தவராக இருந்தால், தலைவலியோ மறதியோ வந்தால் மருத்துவரிடம் அந்த வருஷத்தைச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எங்கள் அத்தைக்கு இப்போது வயதாகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷமே எழுதுங்கள்.